அப்பாவுக்கு எழுதிக் கொடுத்த ஹார்மோன் மாத்திரை 'தடை செய்யப்பட்ட மருந்து'ன்னு வருது. கொடுக்கலாமா? (புராஸ்டேட், எலும்புக்குப் பரவியது)

#1 தாமிரபரணிக்கரை

எல்லாருக்கும் வணக்கம். இங்க இதுவரைக்கும் படிச்சதோட சரி, எழுதுறது இதான் முதல் தடவை.

அப்பாவுக்கு வயசு 76. நாலு வருஷம் முன்னாடி முதுகுவலின்னு காட்டப்போன இடத்துல புராஸ்டேட் புற்றுநோய், இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் ஏற்கெனவே பரவிருச்சுன்னாங்க. மூணு மாசத்துக்கு ஒரு ஊசி. பி.எஸ்.ஏ (நோய் எவ்வளவு இருக்குன்னு காட்டுற ரத்தப் பரிசோதனை) 180-ல இருந்து 1-க்குக் கீழ வந்துச்சு. ரெண்டரை வருஷம் நல்லா இருந்தார், வயலுக்குக்கூடப் போனார். பெறகு ஏற ஆரம்பிச்சது. அபிராடெரோன்னு ஒரு மாத்திரை பதினாலு மாசம் கேட்டுச்சு. இப்போ அதுவும் இல்ல, போன மாசம் 61. கீமோ வேண்டாம்னு அப்பாவே சொல்லிட்டார்.

டாக்டர் இப்போ ஃபாஸ்ஃபெஸ்ட்ரால்னு ஒரு மாத்திரை எழுதியிருக்கார். அட்டையில ஹான்வான்னு போட்டிருக்கு. "பழைய மருந்து, சில பேருக்குக் கேக்கும், பாப்போம்"னார். அதுக்கு மேல கேக்க முடியல, வெளிய முப்பது பேர் உக்காந்திருந்தாங்க. வீட்டுக்கு வந்து தேடினா டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால்னு வருது. பொம்பளைப் பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வரவச்ச மருந்துங்கறான், அமெரிக்காவுல கேஸுங்கறான், மாட்டுக்குக் கொடுத்தாங்கறான். புற்றுநோய்க்கு மருந்தா, புற்றுநோயே மருந்தா? அட்டையைப் பிரிக்காம ஃப்ரிட்ஜ் மேல வச்சிருக்கேன். மூணு நாளாச்சு.

#2 வெட்டிப்பேச்சு

பழைய ஸ்டாக்கைத் தள்ளி விடுறாங்க ப்ரோ. வேற டாக்டரைப் பாருங்க.

#3 பழைய_கம்பவுண்டர்

மேலே எழுதியவர் எந்த மருந்துக் கடையில் வேலை பார்த்தார் என்று தெரியவில்லை. நான் முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரி மருந்து ஸ்டோரில் இருந்தவன். தம்பி, பயப்படாதீங்க. ஆனால் விளையாட்டாகவும் எடுத்துக்கொள்ளாதீங்க.

இது பெண் ஹார்மோனைப் போல வேலை செய்கிற செயற்கை மருந்து. நீங்கள் பார்த்த டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ராலைச் சுருக்கி ஸ்டில்பெஸ்ட்ரால் என்போம்; அதோடு இரண்டு பாஸ்பேட்டைக் கோத்தால் ஃபாஸ்ஃபெஸ்ட்ரால். உடம்புக்குள் போனதும் பாஸ்படேஸ் என்கிற நொதி அந்தப் பாஸ்பேட்டை வெட்டிவிடும், உள்ளே இருப்பது வெளியே வரும். புராஸ்டேட் புற்றில் இந்த நொதி நிறைய இருக்கும், ஆகவே மருந்தும் அங்கேதான் அதிகம் அவிழும் என்று கணக்குப் போட்டுச் செய்தார்கள்.

எங்கள் காலத்தில் இதை ஊசியாகத்தான் அதிகம் பார்த்தோம். நரம்பில் ஏற்றி ஐந்து நிமிஷம்கூட ஆகாது, பெரியவர் கட்டிலில் நெளிய ஆரம்பித்துவிடுவார். விரைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் எரிச்சல், அரிப்பு. வெளியே சொல்லவும் கூச்சம். அனுபவமுள்ள சிஸ்டர்கள் வேகத்தைக் குறைத்துவிட்டு, "தாத்தா, இது இந்த மருந்தோட குணம், தானா அடங்கிரும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். புதுசாக வந்த பிள்ளைகளுக்குத் தெரியாது, டாக்டரைத் தேடி ஓடுவார்கள்.

எலும்பு வலியில் திரும்பிப் படுக்க முடியாமல் வந்தவர்கள் ஒரு வாரத்தில் எழுந்து உட்கார்ந்ததையும் பார்த்திருக்கிறேன். ஒன்றுமே கேட்காமல் போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

#4 யூரோ_தஞ்சை

சிறுநீரகவியல் துறையில் இருக்கிறேன். இணையத்தில் யாருக்கும் மருந்து எழுதுவதில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

புராஸ்டேட் புற்றுக்கு டெஸ்டோஸ்டிரோன்தான் தீனி. அதைச் சுரக்கச் சொல்லும் உத்தரவு மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரியிலிருந்து விரைக்கு வருகிறது. ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் ரத்தத்தில் ஏறினால் பிட்யூட்டரி "ஹார்மோன் போதும்" என்று உத்தரவை நிறுத்திவிடும். விரையை எடுத்தால் என்ன ஆகுமோ அது மாத்திரையிலேயே ஆகிறது.

உங்கள் அப்பாவுக்கு அந்த வேலையை ஊசி ஏற்கெனவே செய்துவிட்டது. பிறகு இது எதற்கு என்றால், இந்த மருந்து புற்றணுக்களை நேரடியாகவும் தாக்குகிறது என்று ஆய்வகச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு சிலருக்கு இதில் பி.எஸ்.ஏ இறங்குகிறது. எல்லாருக்கும் இல்லை. இறங்கினாலும் பெரும்பாலும் சில மாதங்களுக்குத்தான்.

பார்க்க வேண்டியது ரத்தக்கட்டு. ஒரு கால் மட்டும் வீங்கினால், கெண்டைக்கால் வலித்தால், திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், ராத்திரி என்றும் பார்க்காமல் கிளம்ப வேண்டும். உடம்பில் நீர் தங்கும். அவருக்கு மாரடைப்பு, பக்கவாதம், காலில் ரத்தக்கட்டு எப்போதாவது வந்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லாமல் முதல் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது சேர்த்துத் தரவேண்டுமா என்று மருத்துவரிடமே கேளுங்கள். இன்னொன்று, கால்கள் திடீரென்று பலமிழந்தாலோ சிறுநீர் அடைத்தாலோ அதை மருந்தின் குணம் என்று விட்டுவிடாதீர்கள், முதுகெலும்பில் உள்ள கட்டி நரம்பை அழுத்தலாம். மணிக்கணக்கு முக்கியம்.

#5 கரிசல்_மூலிகை

இந்த மாதிரி விஷத்தைக் கொடுக்கிறதுக்கு இயற்கை முறையில போகலாமே அண்ணே. என்னிடம் ஒரு சூரணம் இருக்கு, பக்கவிளைவு கிடையாது. பி.எஸ்.ஏ இறங்கினவங்க பத்துப் பேரைக் காட்டுறேன். தனிச்செய்தி அனுப்புங்க.

#6 நூலகப்பூனை

கரிசல் ஐயா, இதே மருந்தின் கதையில் உங்கள் சூரணத்துக்கு ஒரு அண்ணன் இருக்கிறார். 1990-களில் அமெரிக்காவில் பி.சி.-ஸ்பெஸ் என்று ஒரு மூலிகைக் குப்பி விற்றது. எட்டு மூலிகை, அத்தனையும் இயற்கை, முக்கால்வாசி சீன வைத்தியம். 'ஸ்பெஸ்' என்றால் லத்தீனில் நம்பிக்கை. உண்மையிலேயே பி.எஸ்.ஏ இறங்கியது, மருத்துவர்களே ஆராய ஆரம்பித்தார்கள். ஆனால் சாப்பிட்ட ஆண்களுக்கு மார்பு வளர்ந்தது, சிலருக்குக் காலில் ரத்தக்கட்டு வந்தது. மூலிகைக்கு எதற்கு இந்தக் குணம் என்று பிரித்துப் பார்த்தபோது சில குப்பிகளில் இருந்தது ஸ்டில்பெஸ்ட்ரால். கூடவே ரத்தத்தை உறையவிடாத வார்ஃபரின், வலிக்கு இண்டோமெதசின். 2002-ல் சந்தையிலிருந்து எடுத்தார்கள்.

அப்பாவுக்கு டாக்டர் எழுதியது அதே சாமான், இங்கே அளவு அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. அந்தக் குப்பி வாங்கியவனுக்கு அதுகூடத் தெரியாது.

#7 மட்டுறுத்துநர்

கரிசல்_மூலிகை: தனிச்செய்தியில் மருந்து விற்பது விதி மீறல். இது முதல் எச்சரிக்கை.

#8 தாமிரபரணிக்கரை

டாக்டர் சார், அண்ணாச்சி, ரொம்ப நன்றி. ரத்தக்கட்டு, மாரடைப்பு எதுவும் வந்ததில்ல. பிரஷர் மட்டும் உண்டு.

இன்னொன்னு கேக்கணும். தங்கச்சி பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கா, ஆறாம் மாசம். அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறதெல்லாம் அவதான். நான் படிச்சதுல கர்ப்பிணி, குழந்தைன்னு என்னமோ இருந்துச்சே, அதுதான் தூக்கம் வரல.

#9 யூரோ_தஞ்சை

நல்லவேளை கேட்டீர்கள். இன்று முதல் உங்கள் தங்கை அந்த அட்டையைத் தொட வேண்டாம். அம்மா கொடுக்கட்டும், அல்லது நீங்கள். மாத்திரையை உடைப்பதோ பொடிப்பதோ கூடாது. ஏற்கெனவே கையில் எடுத்திருந்தாலும் பதற வேண்டாம், முழு மாத்திரையைத் தொட்டதால் எதுவும் ஆகிவிடாது. கர்ப்பிணிகள் கையாளாமல் இருப்பது முறை, அவ்வளவுதான்.

#10 நூலகப்பூனை

நீங்கள் படித்துப் பயந்த விஷயத்தை முழுதாகச் சொல்லிவிடுகிறேன், பாதியாகத் தெரிந்தால்தான் அது பயம்.

ஸ்டில்பெஸ்ட்ரால் 1938-ல் பிறந்தது. லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் சார்ல்ஸ் டாட்ஸ், ஆக்ஸ்போர்டில் ராபர்ட் ராபின்சன், இருவரின் குழுக்களும் சேர்ந்து செய்தது. அதுவரை ஈஸ்ட்ரோஜன் என்றால் விலை உயர்ந்த சரக்கு, வாயால் சாப்பிட்டால் பெரிதாக வேலையும் செய்யாது. இவர்கள் செய்தது ஸ்டீராய்டே அல்ல, வேதி அமைப்பில் இயற்கை ஹார்மோனிலிருந்து மாறுபட்ட ஒரு பொருள். ஆனால் உடம்பு ஏமாந்தது. மாத்திரையாகவே வேலை செய்தது, மலிவாகவும் இருந்தது. மக்கள் வரிப்பணத்தில் நடந்த ஆராய்ச்சி என்பதால் காப்புரிமை எடுக்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம். செய்தார்கள்.

அமெரிக்காவில் கருச்சிதைவைத் தடுக்கும் என்று சொல்லிக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு பெரிய ஒப்பீட்டு ஆய்வு நடந்து, எந்தப் பலனும் இல்லை என்று தெளிவாகச் சொன்னது. அதற்குப் பிறகும் பதினெட்டு வருஷம் கொடுத்தார்கள்! பக்கவிளைவைக்கூட மன்னிக்கலாம், பலனில்லை என்று தெரிந்த மருந்தை நிறுத்தாததை எப்படி மன்னிப்பது? 1971-ல் பாஸ்டனில் ஹெர்ப்ஸ்டும் கூட்டாளிகளும் இளம்பெண்கள் எட்டுப் பேருக்கு யோனியில் மிக அபூர்வமான புற்றுநோய் வந்ததை ஆராய்ந்தார்கள். அதில் ஏழு பேரின் அம்மாக்கள் கர்ப்பத்தில் இந்த மருந்தைச் சாப்பிட்டவர்கள். அதே வருஷம் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க அரசு அறிவித்தது. கால்நடைத் தீவனத்தில் கலப்பதை 1979-ல் தடை செய்தார்கள்.

நீங்கள் பார்த்த கேஸ் 1980-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பாக இருக்கும். காப்புரிமை இல்லாததால் சுமார் இருநூறு கம்பெனிகள் இதைச் செய்திருந்தன. இருபது வருஷத்துக்கு முன் அம்மா விழுங்கியது யாருடைய மாத்திரை என்று மகளால் எப்படி நிரூபிக்க முடியும்? சந்தையில் யாருக்கு எவ்வளவு பங்கோ அந்த அளவுக்கு நஷ்டஈடும் கொடு என்று ஒரு புது வழியை நீதிமன்றம் கண்டுபிடித்தது.

முக்கியமாகப் பாதிக்கப்பட்டது கருவில் இருந்த குழந்தைகள். 76 வயசுப் பெரியவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. தடை என்று நீங்கள் பார்த்ததெல்லாம் கர்ப்பிணிக்கும் மாட்டுக்கும். புராஸ்டேட்டுக்கு இதை யாரும் ஆபத்தென்று சொல்லி ஒதுக்கவில்லை. லாபமில்லை என்று ஒதுக்கினார்கள். காப்புரிமை இல்லாத மருந்துக்கு யார் விளம்பரம் கொடுப்பார்கள்?

#11 யூரோ_தஞ்சை

கடைசிப் பத்தி தவிர எல்லாம் சரி. "ஆபத்தென்று ஒதுக்கவில்லை" என்பது தவறு.

1960-களில் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் சேர்ந்து புராஸ்டேட் நோயாளிகளிடம் பெரிய ஆய்வு நடத்தின. தினம் 5 மில்லிகிராம் ஸ்டில்பெஸ்ட்ரால் கொடுத்தார்கள். புற்றுநோயால் செத்தவர்கள் குறைந்தார்கள், இதயத்தாலும் ரத்தக்குழாய் நோயாலும் செத்தவர்கள் கூடினார்கள். கூட்டிக் கழித்தால் காப்பாற்றிய உயிர் என்று எதுவும் இல்லை. கம்பெனி பணம் இல்லை, அரசாங்க ஆய்வு.

1984-ல் தினம் 3 மில்லிகிராம் ஸ்டில்பெஸ்ட்ராலையும் டெஸ்டோஸ்டிரோனை அடக்கும் லூப்ரோலைடு ஊசியையும் ஒப்பிட்டார்கள். புற்றுநோய்க்கு இரண்டும் சமம். ஊசியில் மார்பு வீக்கமும் ரத்தக்கட்டுத் தொல்லையும் குறைவு, உடம்பு குப்பென்று காந்துவது மட்டும் அதிகம். கையில் நோயாளியை வைத்திருக்கிற எந்த மருத்துவரும் ஊசிக்குத்தான் போவார்.

#12 நூலகப்பூனை

ஒப்புக்கொள்கிறேன் டாக்டர், வார்த்தையை விட்டுவிட்டேன். ஆனால் கதை 5 மில்லிகிராமோடு முடியவில்லையே. அதே படைவீரர் மருத்துவமனைகள் இரண்டாவது ஆய்வில் மருந்தில்லாத வெறும் மாத்திரை, 0.2, 1, 5 மில்லிகிராம் என்று நாலாகப் பிரித்துக் கொடுத்தன. 1 மில்லிகிராம் புற்றுநோயை 5 அளவுக்கே கட்டுப்படுத்தியது, இதயச் சாவு அந்த அளவுக்குக் கூடவில்லை. அப்படியானால் கொன்றது மருந்தா, அளவா?

#13 யூரோ_தஞ்சை

நியாயமான கேள்வி. ஆனால் 1 மில்லிகிராமில் எல்லாருக்கும் டெஸ்டோஸ்டிரோன் போதுமான அளவுக்கு இறங்குவதில்லை, 3-ல் இறங்குகிறது. அந்த இடைவெளியில்தான் மருந்து மாட்டிக்கொண்டது. ஊசி வந்தபிறகு அதைத் துருவிப் பார்க்க யாருக்கும் அவசியமோ, நீங்கள் சொல்வது போலப் பணமோ, இல்லை. அந்த அளவுக்கு உங்கள் பக்கம் வருகிறேன்.

இன்னொரு நுணுக்கம். வாயால் சாப்பிடும் ஈஸ்ட்ரோஜன் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. ரத்தம் உறையச் செய்யும் புரதங்களைச் செய்வது கல்லீரல்தான், ஈஸ்ட்ரோஜன் பட்டதும் அது அவற்றைக் கூடுதலாகச் செய்கிறது. அதனால் பிரிட்டனில் இயற்கை ஈஸ்ட்ரோஜனான எஸ்ட்ராடியோலைத் தோலில் ஒட்டும் பட்டையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2006-ல் தொடங்கிய ஆய்வு, 2021-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இதயக் கோளாறுகள் ஊசி போட்டவர்களுக்கும் பட்டை ஒட்டியவர்களுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எலும்பு தேய்வதும் உடம்பு காந்துவதும் பட்டையில் குறைவு. மார்பு வளர்வது மட்டும் அதிகம். ஸ்டில்பெஸ்ட்ராலையே பட்டையில் வைத்தால் இந்த லாபம் கிடைக்காது, அது எந்த வழியில் போனாலும் கல்லீரலைச் சீண்டும்.

#14 வெட்டிப்பேச்சு

ஆண்களுக்குப் பெண் ஹார்மோன் கொடுக்கணும்னு யாருக்குத்தான் முதல்ல தோணிச்சு 😄

#15 நூலகப்பூனை

கிண்டலாகக் கேட்டாலும் சொல்கிறேன். சிகாகோவில் சார்ல்ஸ் ஹக்கின்ஸ். நாய்களை வைத்துப் புராஸ்டேட் எப்படிச் சுரக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவர். வயதான நாய்க்கு மனிதனைப் போலவே அங்கே கட்டி வரும். அது ஆராய்ச்சிக்கு இடைஞ்சலாக இருந்தது. விரையை எடுத்தாலோ ஈஸ்ட்ரோஜன் கொடுத்தாலோ கட்டி சுருங்கியது. இடைஞ்சலையே அவர் ஆராய்ச்சியாக்கிக்கொண்டார்.

1941-ல் கிளாரன்ஸ் ஹாட்ஜஸோடு சேர்ந்து, புற்று எலும்புக்குப் பரவிய மனிதர்களிடம் அதையே செய்தார். அப்போது பி.எஸ்.ஏ கிடையாது. கம்பவுண்டர் ஐயா சொன்ன அந்த ஆசிட் பாஸ்படேஸ்தான் அளவுகோல். ஹார்மோனை வெட்டினால் இறங்கியது, டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் ஏறியது. பரவிய புற்றுநோயை ஒரு மருந்தால் அடக்க முடியும் என்று உலகம் பார்த்தது அப்போதுதான். 1966-ல் நோபல்.

இதே ரகத்துச் செயற்கை ஈஸ்ட்ரோஜனைத்தான் 1952-ல் இங்கிலாந்தில் கணித மேதை ஆலன் டூரிங்குக்கு நீதிமன்றம் தண்டனையாகக் கொடுத்தது, ஓரினச்சேர்க்கைக் குற்றத்துக்காக. சிறையா மருந்தா என்றார்கள், மருந்தை எடுத்துக்கொண்டார். அவருக்கும் மார்பு வளர்ந்தது.

#16 தாமிரபரணிக்கரை

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும்.

டாக்டரைத் திரும்பப் போய்ப் பார்த்தோம். இந்தத் தடவை கேள்வியெல்லாம் தாளில் எழுதிக் கொண்டுபோனேன். சிரிச்சுட்டார், ஆனா ஒவ்வொண்ணுக்கும் பதில் சொன்னார். இ.சி.ஜி, எக்கோ எடுத்தாங்க. சின்ன ஆஸ்பிரின் சேர்த்திருக்கார். மாத்திரை ஆரம்பிச்சாச்சு, அம்மாதான் கொடுக்கிறாங்க. வலி மாத்திரை ரெண்டு வேளை போட்டவர் இப்போ ராத்திரி மட்டும் போடுறார். மருந்தாலயா, மனசாலயா தெரியல.

பூனை அக்கா கடைசியா எழுதினதைப் படிச்சதும் எழுதணும்னு தோணுச்சு. அப்பாவுக்கு மார்பு வீங்க ஆரம்பிச்சிருக்கு. சட்டை உரசினாலே கூசுதாம். வீட்டுல வெத்து ஒடம்போட துண்டைத் தோள்ல போட்டுத் திரிஞ்ச மனுஷன், இப்போ இந்த வெயில்லயும் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போடுறார். ஆத்துக்குக் குளிக்கப் போறதில்ல. மாசாமாசம் சஷ்டிக்குத் திருச்செந்தூர் போறவர் இந்த மாசம் கால்வலின்னுட்டார். கால்வலி இல்ல. அங்க ஆம்பளைங்க சட்டையைக் கழட்டிட்டுத்தான் உள்ள போகணும். அதான்.

சாவைப் பத்தி எங்கிட்ட சாதாரணமாப் பேசுறார். "வித்துட்டு வேலையைப் பாருங்க"ன்னு வயலைப் பத்திச் சொல்றார். இதைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை இல்ல.

#17 யூரோ_தஞ்சை

இதை முதல் பதிலிலேயே எழுதியிருக்க வேண்டும். ரத்தக்கட்டை எழுதினேன், இதை விட்டுவிட்டேன். எங்கள் வகுப்புகளிலும் இது 'சிறு பக்கவிளைவு' என்ற வரிசையில்தான் வரும்.

மருந்து தொடங்கும் முன்பே மார்புக்குக் குறைந்த அளவு ரேடியேஷன் கொடுத்தால் பெரும்பாலும் வளராமல் தடுக்கலாம். வளர்ந்த பிறகு கொடுத்தால் வலி குறையலாம், வீக்கம் போவது அரிது. உங்கள் மருத்துவரிடம் இப்போதாவது கேளுங்கள், இன்னும் ஆரம்பம்தான்.

#18 பழைய_கம்பவுண்டர்

தம்பி, எங்கள் வார்டில் இந்த மருந்து வாங்கின பெரியவர்கள் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் இருப்பார்கள். முதல் வாரம் போர்வையை இழுத்து மூடிப் படுத்திருப்பார்கள். அப்புறம் பக்கத்துக் கட்டில்காரருக்கும் அதேதான் என்று தெரிந்ததும் போர்வை இறங்கிவிடும். ஒருத்தரை ஒருத்தர் கேலிகூடச் செய்வார்கள். உங்கள் அப்பாவுக்குப் பக்கத்துக் கட்டில் இல்லை, அதுதான் சிக்கல். அவர் வயசுக்காரர் யாராவது இதே வைத்தியத்தில் இருந்தால் ஒரு நாள் ஓ.பி.யில் பக்கத்தில் உட்கார வையுங்கள். நீங்கள் பேச வேண்டாம். மகன் பேசினால் இன்னும் கூசிப்போவார்.

உரசலுக்குத் தளர்வான பழைய பருத்திப் பனியன் நல்லது. நைலான் கலந்தது வேண்டாம்.

#19 தாமிரபரணிக்கரை

பி.எஸ்.ஏ 61-ல இருந்து 38. டாக்டர் "இப்போதைக்கு நல்லது"ன்னார், அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல, நானும் கேக்கல. கால் ரெண்டையும் தினம் ராத்திரி அம்மா நூல் வச்சு அளக்கிறாங்க, வீக்கம் இல்ல. தங்கச்சிக்கு அடுத்த மாசம் வளைகாப்பு.

போன ஞாயித்துக்கிழமை திருச்செந்தூர் போனோம். உள்ள போகல. கடற்கரையில மணல்ல உக்காந்து கோபுரத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தார். எனக்கு என்ன செய்யன்னு தெரியல, நானும் உள்ள போகாம சட்டையோட பக்கத்துல உக்காந்துட்டேன். அம்மா மட்டும் போய் இலை விபூதி வாங்கிட்டு வந்தாங்க. பூசிக்கிட்டார். கிளம்புறப்போ, அண்ணாச்சி சொன்ன பனியன் இன்னும் ரெண்டு வேணும்னார்.

#20 புதியவன்_சேலம்

எங்க மாமாவுக்கும் இதே வியாதி. அந்த மாத்திரை சேலத்துல எந்தக் கடையில கிடைக்கும்? சீட்டு வேணுமா?

#21 பழைய_கம்பவுண்டர்

சீட்டு வேணும். அதுக்கு முன்னாடி மாமாவுக்கு நெஞ்சு எப்படி இருக்குன்னு எழுதுங்க.